கேட்டு வராத தாய்

"பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை." பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்த அந்த வரியை நோட்டரி பெல்லாத்தி இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாக.

எதிரே ஒரெஸ்தே எஸ்போஸ்தி உட்கார்ந்திருந்தார். சலவைக்கல் குவாரியிலிருந்து நேராக வந்திருந்தார். நகராட்சிப் பதிவறையின் மேசையில் அவர் கை பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூள்.

எஸ்போஸ்தி என்றால் இத்தாலிய மொழியில் வெளியே போடப்பட்டவர்கள். அநாதை விடுதிச் சுவரில் இருந்த சுழல்பெட்டிக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு விடுதிக்காரர்கள் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் அவர் மகள் மிரெல்லாவைப் 'பெட்டிப் பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள்.

இப்போது அவளுக்கும் நோட்டரியின் மகனுக்கும் கல்யாணம் பேசியிருந்தது. குடும்பப் பெயரை மாற்றக் கேட்டு மனுப் போட்டால்தான் தேதி குறிப்பேன் என்று நோட்டரி சொல்லிவிட்டார். மனுவையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

"ஒரு கையெழுத்துதானேப்பா" என்று மிரெல்லா ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். என் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று பார்க்காமல் போடமாட்டேன் என்று ஒரெஸ்தே அடம்பிடித்ததால்தான் மூன்று பேரும் இங்கே.

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் இயோலே வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள். 1868 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பிறந்து பத்து நாளான ஆண்பிள்ளை, சுழல்பெட்டியில் கிடந்தது. விடுதி வைத்த பெயர் புரோஸ்பெரோ.

திரும்பி வந்து வாங்கிக்கொள்ள நினைக்கிற தாய் ஒரு பதக்கத்தைப் பாதியாக உடைத்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிடுவாள். மறுபாதி அவளிடம் இருக்கும். இந்தப் பிள்ளையின் கழுத்தில் ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா சம்பந்தி, திரும்பி வர்ற நினைப்பே அவளுக்கு இல்ல" என்றார் நோட்டரி. "இந்தப் பேரைத்தான் விடமாட்டேங்கறீங்க."

"நாப்பது வருஷமா மலையில வேலை பாக்கறேன், நோட்டரி ஐயா. பேரைக் கேட்டுட்டு எந்தக் கல்லும் விழுந்ததில்ல."

இயோலே அடுத்த கட்டத்துக்குப் போனாள். மறுநாள் விடியும்போதே பெத்ரேட்டா ஊர்க் கல்வெட்டி ஒருவனின் மனைவி அசுந்தா விடுதி வாசலில் வந்து நின்றிருக்கிறாள். கைக்குழந்தை செத்துவிட்டது, பால் இருக்கிறது என்றாளாம். ஆமாம், பிள்ளை செத்துவிட்டது என்று ஊர்ப் பாதிரியார் எழுதிக் கொடுத்த சீட்டும் பதிவேட்டில் ஒட்டியிருந்தது.

பனி கொட்டி அந்த வருஷம் குவாரிகளெல்லாம் மூடிக் கிடந்தன. பால் கொடுக்க வரும் பெண்களுக்கு விடுதி மாதச் சம்பளம் கொடுத்தது. அசுந்தா புரோஸ்பெரோவைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள்; பன்னிரண்டு வயது வரை வளர்த்து, தன் புருஷனோடு குவாரிக்கு அனுப்பினாள்.

இந்த மட்டும் ஒரெஸ்தேவுக்கும் தெரியும். வீட்டில் அசுந்தாவைப் பால்தாய் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவர் தேடி வந்தது அவளுடைய செத்துப்போன குழந்தையின் பெயரை.

"அது செத்ததாலதான் எங்க தாத்தா பொழைச்சார்" என்றார். "பெத்ரேட்டா கல்லறையில மூலை முடுக்கெல்லாம் தேடிட்டேன். அதுக்கு ஒரு கல்லுகூட இல்ல. நான் வெட்டி வைக்கணும்."

நோட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயோலே பெத்ரேட்டாவின் இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து தூசி தட்டினாள். அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செத்தது மூன்று பேர். இரண்டு கிழவர்கள், பாறைக்கு அடியில் போன ஒருவன்.

அவள் தாளை முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு யாரும் கேட்காமலே பிறப்புப் பதிவேட்டையும் எடுத்துவந்தாள். ஜனவரி முப்பது: அசுந்தாவுக்கு ஆண்பிள்ளை.

"பொறந்ததுக்குப் பதிவு இருக்கு அண்ணே. செத்ததுக்கு இல்ல."

ஒரெஸ்தே ஜனவரி முப்பதிலிருந்து பிப்ரவரி ஒன்பது வரை விரல் விட்டு எண்ணினார். குவாரி இரண்டு விரலை எடுத்திருந்ததால் இடது கையில் ஆரம்பித்து வலது கைக்குப் போய், மறுபடி இடது கைக்கு வந்தார். பத்தில் நின்றார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"என் ஆயுசுல மொத தடவையா ஒரு பாதிரியாரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

மிரெல்லா இரண்டு பதிவேடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் இழுத்து வைத்துத் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டரிக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. பேனா மூடியைக் கழற்றி ஒரெஸ்தேவிடம் நீட்டினார்.

"செத்த பிள்ளை கதையெல்லாம் நமக்கெதுக்கு? பெத்தவ கடைசி வரைக்கும் வந்து கேக்கல. அதுதான் எழுத்துல இருக்கு."

மிரெல்லா மனுவை எடுத்தாள். நான்காக மடித்து, நோட்டரியின் கோட்டுப் பையிலேயே செருகினாள்.

"பிள்ளை மடியில இருக்கும்போது அவ யாரைப் போய்க் கேப்பா, மாமா?"