முப்பது நாள் அறிவிப்பு

“நேத்து ஒட்டச் சொன்ன கல்யாண அறிவிப்பு எங்கே?”

பதிவாளர் அம்மாள் அலுவலக வாசலில் நின்று கேட்டார். பியூன் போர்டுக்குப் போய், குழாய் ரிப்பேர் நோட்டீஸின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“அடியில இருக்குதும்மா.”

“அடியில இருந்தா யார் கண்ணுல படும்?”

“தப்புதாம்மா.”

அந்த போர்டைப் பார்த்தால் யாருக்குமே எரிச்சல் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக, கோணல்மாணலாக, பசை வழிய வழியக் காகிதங்கள். பதிவாளர் இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அறிவிப்பு மறைந்து கிடப்பது இது மூன்றாவது தடவை.

“ரிட்டயர் ஆக எத்தனை நாள் இருக்கு?”

“எட்டு மாசம்மா.”

“அதுவரைக்கும் ஒப்பேத்திடலாம்னு பாக்கறீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு அதை நடுவுல ஒட்டுங்க. இன்னொரு தடவை மறைஞ்சிருந்தா மேல எழுதிடுவேன். அப்புறம் பென்ஷனுக்கு நடையா நடக்கணும்.”

பியூன் தலையாட்டினார்.

“சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம், மேடம். அவருக்கு உடம்பு வணங்காது” என்று டைப்பிஸ்ட் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அறிவிப்புக்கு உரிய ஜோடி முந்தின நாள் வந்து போயிருந்தது. பெண் நர்ஸ். பையன் லிஃப்ட் மெக்கானிக். வேறு வேறு சாதி. விண்ணப்பத்தை நீட்டும்போதே அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“போர்டுல போடாம இருக்க முடியாதா மேடம்? எங்க வீட்டுல தெரிஞ்சா எங்களை உயிரோட விடமாட்டாங்க.”

“முப்பது நாள் போர்டுல இருக்கணும்மா. ஆட்சேபணை இருக்கறவங்க வந்து சொல்லணும்ல? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்தக் காலத்துல போய் யாரு சாதி பாக்கறா?”

பெண் பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். பையன்தான் அவள் பையையும் எடுத்துக்கொண்டு, “வர்றோம் மேடம்” என்றான்.

ஐந்தாம் நாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பெரியவர், கூட இரண்டு வாலிபர்கள். இஸ்திரி கலையாத சட்டை. மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

“எங்க வீட்டுப் பொண்ணு இங்க எழுதிக் கொடுத்திருக்கான்னு காதுல விழுந்துச்சு. பாக்கலாமா?”

“போர்டு பொதுதானே. பாத்துக்குங்க” என்றாள் டைப்பிஸ்ட்.

மூவரும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். பேச்சுக் குரல் கேட்டு பதிவாளர் எழுந்து வந்தார். நடுவில் கல்யாண அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் தடுப்பூசி முகாம் நோட்டீஸ் இருந்தது. பசைகூடக் காயவில்லை.

பதிவாளருக்குச் சுர்ரென்று வந்தது. பியூனைக் கூப்பிட வாயெடுத்தார்.

“அவ பேரு இல்லப்பா” என்றான் ஒரு வாலிபன்.

“இல்லேன்னா நிம்மதி” என்று பெரியவர் பதிவாளர் பக்கம் திரும்பினார். “அவன் சாதிக்காரன் வாசல்ல நாங்க செருப்பைக்கூட விடமாட்டோம், மேடம். எங்க பொண்ணு அங்க போய் வாழறதுக்கு, இல்லாமலே போயிடலாம்.”

சத்தமே போடவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். பதிவாளர் பியூனைக் கூப்பிடவில்லை.

“எல்லா அறிவிப்பும் இதுலதானே மேடம் இருக்கும்?”

இத்தனை வருஷ வேலையில் பதிவாளர் ஒரு விதியையும் மீறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“எல்லாம் இதுலதான் இருக்கும்” என்றார். அது பொய்யும் இல்லை.

அவர்கள் படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பியூனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தெரிஞ்சேதான் மறைச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“எல்லா அறிவிப்பையுமா?”

“இல்லம்மா. ரெண்டு வீட்டுக்காரங்களும் கூட வந்து சிரிச்சுப் பேசிட்டுப் போனா, அது மேலதான் இருக்கும். பயந்து பயந்து வர்றாங்களே, அவங்களோடது மட்டும் அடியில.”

“நான் அவ்வளவு திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்களும் இதுல மாட்டிக்குவீங்க. எனக்கு எட்டு மாசம்தான். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கு.”

பதிவாளருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த நாளிலிருந்து இந்த மனிதரை என்னென்ன நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

“இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு. அது அடியிலேயே இருக்கட்டும்” என்றார். “உங்களை மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்? நான்தான் ஆளைத் தப்பா எடைபோட்டுட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா.”

பியூன் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“ஆறு வருஷம் முன்னாடி நான் வேற ஆபீஸ்ல இருந்தேன். என் பொண்ணு வேற சாதிப் பையனோட இங்க வந்து எழுதிக் கொடுத்திருக்கான்னு சொன்னாங்க. என் தம்பிங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, இதே போர்டு முன்னாடிதான் நின்னேன்.”

பதிவாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“அவ இப்ப இல்லம்மா. அந்தப் பையனும் இல்ல. அன்னிக்கு இந்த போர்டு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. என் பொண்ணு பேரை ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டேன்.”