உண்மை விளம்பியின் கடுதாசி

“ஏம்மா ஜெபகனி, அதிகாரி ஜீப்பு பாலத்தைத் தாண்டிட்டாம். நீ என்னடான்னா நின்னு சாக்பீஸை எண்ணிக்கிட்டிருக்கியே!”

தலைமையாசிரியர் தில்லைநாயகம் பதறினார். சேரன்மகாதேவிக்கு அடுத்த அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தை எந்தக் கல்வி அதிகாரியும் எட்டிப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. இன்று வருவதும் ஒரு மொட்டைக் கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“வரட்டும் சார். வகுப்பைத்தானே பாக்கப் போறாக?” என்றாள் ஜெபகனி.

“உனக்கென்ன, சொல்லுவ. தற்காலிக வேலை, இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கணும்னா அவுக கையெழுத்து வேணும். இந்த நேரம் பாத்து எவனோ எழுதிப் போட்டுட்டானே!”

ஜீப்பு வாசலில் வந்து நின்றது.

கல்வி அதிகாரி விஸ்வேஸ்வரன் இறங்கியதுமே காகிதத்தை எடுத்து வாசித்தார்.

“‘ஆங்கில ஆசிரியை ஜெபகனி பிள்ளைகளின் உச்சரிப்பைக் கெடுக்கிறார். நைட் என்பதை க்னிஹ்ட் என்று சொல்லச் சொல்கிறார். உடனே வந்து விசாரிக்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி.’ என்ன ஓய் ஹெட்மாஸ்டர், இதெல்லாம் நிஜமா?”

“ஐயா, யாரோ வேண்டாதவன்...”

“பேரு போட்டு எழுதறவன் தன் காரியத்துக்கு எழுதறான். பேரு போடாதவன்தான் உள்ளதை எழுதுவான். முப்பது வருஷ சர்வீஸ் ஓய், எனக்குத் தெரியாதா? வாரும், வகுப்புக்குப் போகலாம்.”

எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் அதிகாரி உட்கார்ந்தார். உட்கார மனமில்லாமல் தில்லைநாயகம் கதவோரம் நின்றார். போர்டில் வேறு ஏதாவது எழுதித் தொலையக் கூடாதா என்று அவர் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, ஜெபகனி பெரிய எழுத்தில், போர்வீரனைக் குறிக்கும் அந்த ‘நைட்’டையே எழுதினாள். கே, என், ஐ, ஜி, ஹெச், டி.

முதல் வரிசையிலிருந்து மாரிக்கண்ணு எழுந்தாள். “டீச்சர், ஆறு எழுத்துல மூணு வாயே தொறக்க மாட்டேங்குதே. சும்மா இருந்து சம்பளம் வாங்குதா?”

வகுப்பு சிரித்தது. தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு காலத்துல எல்லாம் உழைச்ச எழுத்துதான்ட்டி” என்றாள் ஜெபகனி. “அறுநூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்துக்காரன் ‘க்னிஹ்ட்’னுதான் சொன்னான். எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“க்னிஹ்ட்!” என்று ஓடு அதிரக் கத்தினார்கள் நாற்பது பிள்ளைகள்.

“பொறவு அச்சு மிஷின் வந்துது. எழுத்து பைய பைய ஒரே மாதிரி நிலைச்சுப் போச்சு. வாய் நிக்குமா? அது தன் போக்குல நடந்துட்டு. எழுத்து மட்டும் இன்னும் அங்கனயே நிக்கி.”

“அப்போ ஸ்பெல்லிங்கே தப்புங்கிறியாம்மா?” கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“தப்பில்ல சார், பழசு. ஏட்டி மாரிக்கண்ணு, பஸ் போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“திருநெல்வேலி.”

“கண்டக்டர் என்ன சொல்லிக் கூப்பிடுதாரு?”

“தின்னேலி, தின்னேலி, தின்னேலி!” என்று வகுப்பே படிக்கட்டில் தொங்கியது.

“போர்டு எழுதினவரு தப்பா, கண்டக்டர் தப்பா சார்?”

அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் விடவில்லை. “சரி, ‘டவுட்’ல ஒரு பி இருக்கே. அதையும் அந்தக் காலத்துல சொன்னானோ?”

ஜெபகனி போர்டில் ‘டவுட்’டையும் எழுதினாள்.

“இல்ல சார். அது இங்கிலீசுல என்னைக்கும் பேசினதில்ல. இந்த வார்த்தை லத்தீன்லேருந்து வந்ததுன்னு காட்டணும்னு, படிச்ச பெரிய மனுசங்க நடுவுல கொண்டாந்து உக்கார வச்ச எழுத்து.”

“சிபாரிசுல வந்தது!” என்றாள் மாரிக்கண்ணு.

அதிகாரி வாய்விட்டே சிரித்துவிட்டார். பிறகு எழுந்து தாமே பத்து வார்த்தை சொல்லி எழுத வைத்தார். எல்லாம் பேசாத எழுத்துகள் பதுங்கியிருக்கிற வார்த்தைகள். நாற்பது நோட்டையும் புரட்டினார். முப்பத்தாறு நோட்டில் பத்தும் சரி.

“டவுன் ஸ்கூல்ல இதே பத்தைக் கேட்டேன் ஓய், பாதி கூடத் தேறலை. காரணம் தெரிஞ்சு படிச்சா மறக்காது. இந்தப் பொண்ணை விட்டுடாதேயும்.” தலைமையாசிரியர் அறையில் ஒரு வருஷ நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் குடித்து, ஜீப்பில் ஏறிப் போனார்.

தூசி அடங்கிய பிறகுதான் தில்லைநாயகத்துக்குப் பேச்சு வந்தது.

“நல்லவேளை, தப்பிச்சோம்மா! ஆனா அந்த உண்மை விளம்பி எவன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும். காலை ஒடிச்சு அடுப்புல வைக்கேன்!”

“ஐயோ, ஒடிச்சிராதீங்க சார். நாளைக்கு நான் வகுப்புக்கு நடந்து வரணும்லா?”

“நீயா எழுதினே?” என்றார் அவர்.

“‘ஒரு நாள் என் வகுப்பை வந்து பாருங்க’ன்னு பேரு, கையெழுத்து எல்லாம் போட்டு மூணு மனு அனுப்பினேன் சார், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நாலாவதுல என்னை நானே திட்டி, பேரை மட்டும் விட்டேன். நாலே நாள்ல ஜீப்பு வந்துட்டு!”