டிவியின் முதுகு

தெருவில் பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் செண்பகம் எழுந்துவிட்டாள். சீரியல் பாதியில் இருந்தது. டிவியை அணைத்தாள். சொம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்துப் பிழிந்து, அந்தப் பழைய பெட்டியின் முதுகில் வைத்து அழுத்தினாள். சீக்கிரம் சூடு இறங்க வேண்டும்.

"என்னக்கா பண்றீங்க? அது எங்க வீட்டு டிவிக்கா," என்றாள் பர்வீன்.

அப்போதுதான் தான் பக்கத்து வீட்டில் இருப்பது செண்பகத்துக்கு உறைத்தது. தனியாகக் கிடக்கிறாளே என்று பர்வீன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"தூசியா இருந்துச்சு."

பர்வீனின் கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன, இன்னிக்காவது அந்தக் கல்யாணம் முடிஞ்சுதா?" என்று சீரியல் கதையை விசாரித்தபடி உள்ளே வந்தான். செண்பகம் சுவரோரமாக ஒதுங்கி வெளியே நடந்தாள்.

அவளைக் கட்டியவன் வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டான். நேராகப் போய் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பான். சூடாக இருந்தால் அன்றைக்கு அடி. அவனை விட்டு வந்து இரண்டு தீபாவளி போய்விட்டது. இப்போது தனியாக இருக்கும் வீட்டில் டிவியை அவள் இன்னும் ஒருநாள்கூடப் போட்டதில்லை.

தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள். விளக்கைப் போடவில்லை. செருப்பைக் கழற்றாமல் நேராகப் போய், டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.