பழைய ஸ்பிரிங்

"அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, அண்ணி?"

மெக்கானிக் ஸ்பேனரை மேஜைமேல் எறிந்தான். பல வருட வாடிக்கையாளர்தான் அவனுக்கு அண்ணன். மலைப்பாதை வளைவுகளில் கார் சாயாமல் பறக்க, கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை இருவரும் சேர்ந்துதான் மாட்டியிருந்தார்கள். இப்போது அவர் மனைவி வந்து பழையதையே போடச் சொல்கிறாள்.

"எட்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. வேகமா ஓட்டக் கூடாதுன்னு நீங்கதானே கடிவாளம் போட்டீங்க?"

அவள் காரின் பின்பக்கம் நடந்தாள். "ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினாப் போதுமா, தம்பி?"

"போதாது. இந்த ஷாக் அப்சார்பர் குட்டை ஸ்பிரிங்குக்குன்னே வாங்கினது. பழைய ஸ்பிரிங்கோட சேராது, வண்டி தூக்கிப் போடும். நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், எட்டையும் ஜோடியா மாத்தணும்."

"அவரும் அதைத்தான் சொன்னார்." டிக்கியைத் திறந்தாள். எட்டும் பழைய துணியில் சுற்றி உள்ளே இருந்தன.

"வண்டி தொட்டில் மாதிரி ஆடுமே! இதுல அண்ணன் எவ்வளவு தூரம் போவார்?"

"பதினோரு கிலோமீட்டர். ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு. இனி செய்ய ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. புற்று எலும்பு வரைக்கும் போயிடுச்சு, சின்னக் குலுக்கல்கூடத் தாங்க மாட்டார். ஆம்புலன்ஸ் வேண்டாமாம். தன் கார்லதான் வருவாராம்."

மெக்கானிக் குனிந்து தரையில் ஸ்பேனரைத் தேடினான். வெகுநேரம் தேடினான். அது மேஜைமேல்தான் இருந்தது.

"நானே ஓட்டறேன், அண்ணி," என்றான் நிமிராமலே. "தொட்டில் மாதிரி கொண்டுவந்து சேர்க்கறேன்."