இரண்டாவது கிளாஸ்

"பதினெட்டு வருஷமா குடிச்சே சம்பளம் வாங்குறீங்க. உங்க நாக்கோட லட்சணத்தை இன்னைக்குப் பார்த்துடலாம்" என்றார் மேனேஜர்.

பீர் ஆலையில் ருசி பார்க்கும் வேலை அவளுக்கு. அந்த நாற்காலியில் தன் மச்சினனை உட்காரவைக்க மேனேஜர் துடிப்பது ஆலைக்கே தெரியும். முதலாளியை வரவழைத்து, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே இரண்டு கிளாஸ்களை நிரப்பினார்.

அவள் முதல் கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"குறை ஒண்ணும் தெரியல."

அடுத்ததைத் தராமல் மேனேஜர் அரைமணி நேரம் அவளைக் கரித்துக் கொட்டினார். "நாக்கு செத்துப்போச்சுன்னா வீட்டுல உக்காரணும்" என்று முடித்துவிட்டு, இரண்டாவதை நீட்டினார்.

"இது புளிச்சுப்போச்சு. கீழ ஊத்துங்க."

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "முதலாளி, நீங்களே பார்த்தீங்க, ரெண்டும் ஒரே பாட்டில்! குட்டு உடைஞ்சுதா?"

"ஒரே பாட்டில்தான். சில்லுன்னு இருந்தவரைக்கும் புளிப்பு அமுங்கிக் கிடந்துச்சு. சில்லு போனதும் வெளிய வந்துடுச்சு" என்றாள் அவள்.

முதலாளி அதை வாங்கி ஒரு வாய் வைத்தார். உடனே துப்பினார்.

"எந்தத் தொட்டி பீருய்யா இது?"

மேனேஜர் பாட்டிலை எடுத்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேக்குறேன்ல?"

"காலையில... இவங்க ருசி பார்க்கத் தேவையில்லன்னு... நானே பன்னெண்டு லாரியில ஏத்தி அனுப்பினது."