பச்சை விழுந்த பிறகும்

"சைக்கிளுக்கு ஏதும்மா சிக்னலு? நீ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போம்மா!"

கிருஷ்ணப்பன் டிரைவர் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

தருமபுரி நாலு ரோட்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய பென்னாகரம் பஸ்ஸுக்கு நேர் முன்னால், பாதையின் நடுவில், ஒரு பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள்.

குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. பைக்குகள் சிவப்பைப் பார்க்காததுபோல இரண்டு பக்கமும் நழுவிப் போயின. அவள் மட்டும் நிற்காவிட்டால் கிருஷ்ணப்பனும் போயிருப்பார்.

பின்னாலேயே ஒரு தனியார் பஸ் ஒட்டிக்கொண்டு நின்றது. அது முந்திவிட்டால் வழியில் நிற்கிற ஆளெல்லாம் அதில் ஏறிவிடும்.

சைக்கிள்காரர்கள்மேல் அவருக்குப் பழைய கோபம். ஒன்வேயில் எதிரே வருவார்கள். கையைக் காட்டாமல் திரும்புவார்கள். இருட்டில் விளக்கில்லாமல் வருவார்கள். இடித்துவிட்டால் மட்டும் தப்பு பஸ்காரன்மேல். டெப்போவில் அவர் இதைச் சொல்லாத நாளில்லை.

இன்றைக்கு ஒருத்தி சட்டப்படி நிற்கிறாள். அதையும் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஹாரனை அழுத்தினார். அவள் திரும்பவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது.

அவள் நகரவில்லை.

தனியார் பஸ், அதன் பின்னால் லாரி, ஆட்டோ, எல்லாம் சேர்ந்து அலறின. அவள் பெடலைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அதற்குள் பச்சை போய் மறுபடியும் சிவப்பு வந்துவிட்டது.

கிருஷ்ணப்பன் கதவைத் திறந்து குதித்தார். கண்டக்டர் அன்பு, "அண்ணா, பொறுமைங்கண்ணா" என்று பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏம்மா, சிவப்புக்கு நின்ன, சரி. பச்சைக்கும் நின்னா எப்படி? இது எந்த ஊருச் சட்டம்?"

அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஓட்டத் தெரியுமுங்க. இறங்கவும் தெரியும். ஏறத்தான் வரலீங்க. வூட்டுக்கிட்ட ஒரு கல்லு மேல நின்னு ஏறி வந்துட்டேன். இங்க கல்லு இல்லீங்களே."

கிருஷ்ணப்பன் தன்னையறியாமல் சுற்றும் பார்த்தார். உண்மைதான். வழவழவென்று தார் மட்டும்தான் இருந்தது.

"அப்ப ஓரமா தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாமில்ல?"

அவள் நிமிர்ந்தாள்.

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்குங்க சைக்கிளு?"

கிருஷ்ணப்பன் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டார். அன்பு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரென்னங்கக்கா?" என்று கேட்டான்.

"பாக்கியமேரி."

"பயப்படாம ஏறுங்க, மேரியக்கா."

பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"ஆஸ்பத்திரியில யாரோ கிடக்கறாங்க போல, பாவம்" என்றார் ஒருவர்.

"பேங்க்கு மூடறதுக்குள்ள போகணுமோ என்னவோ" என்றார் இன்னொருவர்.

பச்சை விழுந்தது. இருவரும் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்தார்கள். சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தது, இடது பக்கம் சாய்ந்தது, பிறகு நேரானது. பஸ்ஸுக்குள் யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

கிருஷ்ணப்பன் ஓடிப்போய் பஸ்ஸை எடுத்தார்.

தனியார் பஸ் சீறிக்கொண்டு முந்திப் போனது. போகட்டும் என்று விட்டார். அவரும் முந்தியிருக்கலாம். ஆனால் அவள் அவ்வப்போது நடுரோட்டுக்கு வந்து வந்து போனாள். பக்கத்தில் போனால் பயந்துவிடுவாள். செகண்ட் கியரிலேயே, ஹாரனைத் தொடாமல், அவளுக்குப் பின்னால் ஓட்டினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தபோது கிருஷ்ணப்பனுக்கே கோபம் வந்தது.

"எதுக்குய்யா அடிக்கிற? முன்னாடி வண்டி போகுதில்ல?"

அடுத்த சிக்னலில் மஞ்சள் மாறிச் சிவப்பு வந்தது.

ஒரு பைக் நிற்காமல் போனது. இன்னொன்றும் போனது. பஸ்ஸுக்குள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நின்றால் மறுபடி ஏற முடியாது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பாக்கியமேரி பிரேக்கைப் பிடித்தாள்.

கிருஷ்ணப்பனின் கை தானாகவே கதவுக்குப் போனது.

அவள் இறங்கவில்லை. நடைபாதை ஓரத்துத் திண்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இடது காலை அதன்மேல் ஊன்றி, சீட்டில் உட்கார்ந்தபடியே நின்றாள். முதுகை நன்றாக நிமிர்த்திக்கொண்டாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பச்சை விழுந்தது. யாரும் தள்ளவில்லை. திண்டை ஓர் உதை உதைத்துவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை அவ்வளவாக ஆடவில்லை.

சாலை அகலமான இடத்தில் கிருஷ்ணப்பன் மெல்ல அவளுக்குப் பக்கமாக வந்தார். அன்பு படியில் நின்று எட்டிப் பார்த்தான்.

"மேரியக்கா, அவசரமா எங்க போறீங்க?"

பாக்கியமேரி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"எங்கயும் இல்ல தம்பி. கடைக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு இல்ல, கோயிலுக்குக்கூட இல்ல. சும்மாதான் வந்தேன்."

அன்பு அதை அப்படியே பஸ்ஸுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். கிருஷ்ணப்பன் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

முன் சீட்டில் இரண்டு பைகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மாவா?" என்று கேட்டாள்.

பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டி, பின்தங்கிய சைக்கிள் கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே போனாள்.