கண்ணாடிக்குள் மழை

கடலோர ஊர் ஒன்றில் பூமி குலுங்கி, அங்கிருந்த அணு உலை வெடித்தது. சனங்களைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆடுமாடுகளுக்கும் நாய்களுக்கும் இடமில்லை என்றுவிட்டார்கள். எஸ்தர் தன் பசு வெள்ளச்சியை அவிழ்த்துவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அவள் வளர்த்த நாய் சூரன், பசுவை விட்டுப் பிரியவில்லை.

"புல்லெல்லாம் பச்சையாத்தானே இருக்கு அக்கா, ஏன் எல்லாரும் ஓடினாங்க?"

"தெரியலையேடா" என்றபடி மேய்ந்தது வெள்ளச்சி. நாளாக ஆக அது மெலிந்து, கால் தளர்ந்து படுத்தது. சூரன் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு சூடு கொடுத்தது.

ஒருநாள், உச்சிமுதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய உருவம் ஒன்று வந்து தவிட்டு மூட்டையை இறக்கியது. அதனிடம் மனித வாசனையே இல்லை. சூரன் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

"கடிச்சிடாதே! நம்ம எஸ்தர்டா, நடையைப் பாரு."

சூரன் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடியது. அவள் கைகளை நீட்டினாள். பிறகு தொடாமலே மடக்கிக்கொண்டாள்.

"அவளுக்கு நம்மைப் பிடிக்கலையா அக்கா?"

"முகத்துக் கண்ணாடியைப் பாரு. உள்ளே மழை பெய்யுது."

சூரன் நிமிர்ந்து பார்த்தது. பிறகு மெல்ல நகர்ந்துபோய், அவளுடைய நிழலின்மேல் படுத்துக்கொண்டது.